மார்கழியில் குடிவந்தவர்

என் கையெழுத்தில் வரி மேலே தொடங்கிக் கீழே சரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள' வந்திருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாயால் சொல்லவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வருடங்கள் இருக்கும். நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. எங்களிடம் இருந்தது ஒரு வீடும், அதன் பின்னால் வேலிக்கருவை மண்டிய ஒரு காலியிடமும்தான். அந்தக் காலியிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்குக் கை அரிக்கும். மாமா என்றால் அம்மாவின் தம்பி.

"மச்சான், நாம எதுக்குக் கடன் வாங்கணும்? வீட்டை வச்சே வீடு கட்டலாம்" என்றார்.

அவருடைய யோசனை இதுதான். குடியிருக்கும் வீட்டை ஒத்திக்கு விட வேண்டும். ஒத்திக்கு வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார். கெடு முடிந்ததும் அந்தத் தொகையை அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் வீடு நம் கைக்கு வரும். அந்தப் பணத்தில் பின்னால் நான்கு அறைகள் கட்டி, ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு, மூன்றை வாடகைக்கு விடுவது. வருகிற வாடகையைச் சீட்டில் போட்டு ஒத்தியைத் திருப்புவது.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் வந்து இருந்தது. அவர்கள் வாடகையே கொடுப்பதில்லை. வீட்டுக்காரர்களான நாங்கள் பின்னால் சிமெண்டு காயாத ஓர் அறையில் சட்டிபானைகளோடு படுத்திருந்தோம். இதில் யார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்ப்பேன். மாமாவிடம் கேட்டால், "ஏலே, இது தொழில். உனக்குப் புரியாது" என்பார். அப்பாவுக்கும் புரியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து முன்வீட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருவாள். வாத்தியார் சம்சாரத்துக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"எதுக்குக்கா தினமும் வாரீக? நாங்க போட மாட்டமா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது தாயி. நீங்க தூங்குங்க."

குடியிருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை செய்து கொடுக்கிற வீட்டுக்காரி ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நான் பெருமைப்பட்டேன்.

அறைகளுக்கு வெள்ளையடித்து முடித்தபோது ஐப்பசி. அங்கேதான் மாமாவின் கணக்கு உதைத்தது. தீபாவளியோடு சீசன் முடிந்து, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கும் லோடு இல்லை. கார்த்திகை முழுக்க மூன்று அறைகளும் பூட்டியே கிடந்தன. அடுத்தது மார்கழி. எங்கள் பக்கம் மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள்.

"வெள்ளையடிச்ச கையோட பூட்டுப் போட்ட மகராசன் நீதான்டா" என்றார் அப்பா.

"தை பொறக்கட்டும் மச்சான்."

"தையில முதல் தவணைக்கு வார சீட்டுக்காரன் சும்மா போவானா? ஒத்திக்குப் போன வீடு இந்தத் தெருவுல திரும்பி வந்திருக்கான்னு யார்ட்டயாவது கேட்டுப் பாரு."

அம்மா கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. விருதுநகரிலிருந்து எங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைக்க வந்த பாய்.

"தம்பி, பின்னால ரூம்பு சும்மா கெடக்காமே?"

"கெடக்கு. ஆனா மார்கழியில யாரும் வர மாட்டாக."

"ஏன், மார்கழியில கூரை ஒழுகுமா?"

"ஒழுகாது. வீடு மாறக் கூடாதுல்ல?"

அவர் சிரித்துவிட்டார். "அது உங்களுக்குத்தானே தம்பி. எங்களுக்கு இல்லையே. அப்பாவைக் கூப்பிடு."

இரண்டு அறைகள் வேண்டும் என்றார், ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று துணி மூட்டைகளுக்கு. மறுநாளே வருவதாகவும் சொன்னார். அப்பா தலையைச் சொறிந்தார். வருகிறவருக்குக் குற்றமில்லை, கொடுக்கிறவனுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். தை முதல் தேதி வரலாமே என்று மெல்ல இழுத்தார்.

அம்மா முறத்தோடு கதவுக்கு வந்துவிட்டாள். "வாரவுகளுக்கு மார்கழி இல்ல. இந்தச் செவத்துக்கு மட்டும் எங்கனயிருந்து வந்துச்சு மார்கழி? சாவியக் குடுங்க."

பாய் அட்வான்ஸை எண்ணி அப்பா கையில் வைத்தார். "அண்ணாச்சி, தண்ணி எப்படி?" என்று கேட்டதற்கும் அம்மாதான் பதில் சொன்னாள். குழாயில் தண்ணீர் வருகிற அன்று முதல் நான்கு குடம் அவர்களுக்கு என்றாள். மாமா சாயங்காலம் வந்து, "நான் அப்பவே சொல்லல?" என்றார். அவர் எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா அந்தப் பணத்தை இரவு தங்கவிடாமல் சீட்டின் முதல் தவணையாகக் கட்டிவிட்டு வந்தார். பல வருடம் ஓடிய அந்தச் சீட்டுதான் முன்வீட்டை எங்களுக்குத் திருப்பித் தந்தது. ஆனால் அது பின்னால் நடந்தது.

பாய் வீட்டு மூட்டைமுடிச்சுகள் வந்து இறங்கியதற்கு மறுநாள் காலையில் நான் கண்விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அம்மா என் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்வீட்டு வாசலில் வாத்தியார் சம்சாரம் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தார். அம்மா எங்கே என்று என்னைக் கேட்டார். திரும்பி வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"அப்பா, அம்மா இன்னும் எந்திரிக்கல. என்ன செய்யுது அவளுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல. இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குறா. சத்தம் போடாமப் போலே" என்றார் அப்பா.

ஒன்றும் செய்யாதவர்கள் எதற்கு விடிந்த பிறகும் தூங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: மார்கழி பன்னிரண்டு.