வைஷாலி விழுங்கிய வார்த்தை

சரசுவுக்குக் கன்னடம் வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவள் பெற்ற மகள் வைஷாலி உட்பட. தர்மபுரிப் பக்கமிருந்து மைசூருக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவள். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் தமிழ் ஆட்கள். ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் மகள்தான் பேசுவாள். ஆனால் இத்தனை வருஷமாகக் காதில் விழுகிற பாஷை புரியாமல் போகுமா? பேசத்தான் கூச்சம்.

மாதாமாதம் உயிர் போகிற வலி அவளுக்கு. மண்டி மொஹல்லா மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுச் செங்கல் சுமப்பாள். போன வாரம் சாந்துச் சட்டியோடு சுருண்டு விழுந்த பிறகுதான் ஸ்கேன், ஆஸ்பத்திரி எல்லாம்.

டாக்டரம்மா நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார். கருப்பையின் உள்சவ்வு மாதிரியே ஒன்று வெளியேயும் வளர்ந்திருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர். அதனால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியாகியிருக்கிறது. இது இருக்கிற பெண்களில் ரொம்பச் சிலருக்குத்தான் சினைப்பையில் கேன்சர் வரும், பெரும்பாலோருக்கு வராது. "ஆனா இவங்க கட்டிக்குள்ள சதை மாதிரி ஒண்ணு தெரியுது. ஆபரேஷன் பண்ணிச் சோதிச்சாத்தான் சொல்ல முடியும்."

வைஷாலி அம்மா பக்கம் திரும்பினாள். "ரத்தக்கட்டியாம்மா. எடுத்துட்டா சரியாப் போயிடுமாம்."

பாவி மகள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டாள்! செத்துப்போயிடுவேனா என்று கேட்கச் சரசுவுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் பிள்ளை உடைந்துவிடுமே. "அவ்வளவுதானே சாமி" என்று தலையாட்டிவைத்தாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வலி உண்டா? அக்கா, தங்கச்சி, மகள்?" என்றார் டாக்டரம்மா. "ஒரே குடும்பத்துல நிறையப் பேருக்கு வரலாம், அதான் கேக்கறேன்."

அம்மாவிடம் கேட்காமலேயே வைஷாலி, "இல்லை" என்றாள்.

இல்லையா? அப்படியானால் மாதாமாதம் காலேஜுக்கும் போகாமல் பாத்ரூம் தரையில் வாந்தியெடுத்துக் கிடப்பது யாராம்? "பொம்பளைன்னா அப்படித்தான், பொறுத்துக்க" என்று அவளை அடக்கிவைத்தது யாராம்? ஐயோ, நான்தானே! தன் சாவுக்குப் பயந்ததெல்லாம் சரசுவுக்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது.

"சுள்ளு, மேடம், சுள்ளு!" பொய் என்று கன்னடத்திலேயே கத்திவிட்டாள்.

வைஷாலி சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா... டாக்டர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? எல்லாமா?"

"எல்லாந்தான்." மகளின் கையைப் பிடித்து டாக்டரம்மா பக்கம் இழுத்தாள் சரசு. கன்னடமும் தமிழுமாக வார்த்தை கொட்டிற்று. "இவளுக்கும் இருக்குது, மேடம். நான்தான் வாயை மூடச் சொன்னேன். எனக்கு என்ன வேணா ஆகட்டும், மொதல்ல இவளைப் பாருங்க."