பேச்சியம்மாள் போர்த்திய சால்வை

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் ஒரு கூட்டம். நான்தான் தொகுப்பாளர். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் தெரிந்த ஆள் ஒருவன் செம்பூரில் சும்மா இருக்கிறான் என்று யாரோ என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

மாநகராட்சித் தேர்தல் நேரம். மும்பையில் மேயருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போட முடியாது. வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்போம். அவர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் இந்த வார்டில் முன்பு கவுன்சிலராக இருந்து, மறுபடியும் நிற்கும் ஒரு வேட்பாளரைப் பற்றி மட்டும், "அடுத்த மேயரே இவர்தான்" என்று ஒரு பேச்சு. கிளப்பிவிட்டதே அவருடைய ஆட்கள்தான் என்பது என் சந்தேகம். அவரைத்தான் எங்கள் தமிழர் சங்கம் மக்களைச் சந்திக்கக் கூப்பிட்டிருந்தது.

நிகழ்ச்சி நிரலை எழுதியதும் நானே. இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, வேட்பாளர் உரை... கடைசிப் பத்து நிமிடம் மக்கள் கேள்வி. முப்பது வருடமாக மேடை ஏறுகிறேன். இப்படித்தானே எழுதுவோம்?

ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். பை தைக்கும் பட்டறையில் வேலை. வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கிறாரே என்று ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேண்டாம் சார்."

"கூச்சப்படாம குடிங்கம்மா."

"கூச்சமெல்லாம் இல்ல சார். குடிச்சா போவணும்லா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவர்கள் சந்தில் இருக்கும் பொதுக் கழிப்பறையை ரிப்பேர் என்று நாலு மாதம் முன்பு பூட்டினார்கள். ஒரே மாதத்தில் வேலை முடிந்து பெயின்ட்கூட அடித்தாயிற்று. பூட்டை மட்டும் திறக்கவில்லை. அடுத்த கழிப்பறை மெயின் ரோட்டைத் தாண்டி. அங்கே எந்நேரமும் க்யூ.

"எனக்கு முட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு சார். அம்புட்டு தூரம் நடக்க முடியல. அதனால பகல்ல தண்ணியே குடிக்கதில்ல. இப்ப கிட்னில கல்லுங்காங்க. நெறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டரு திட்டுதாரு. நான் என்ன செய்ய? அதான் இன்னிக்கு இவருகிட்ட கேட்டுரணும்னு வந்தேன்."

"கட்டாயம் கேளுங்க. கேள்வி நேரம்னே தனியா வெச்சிருக்கேன்" என்றேன், பெருந்தன்மையாக!

வேட்பாளர் ஏழு மணிக்கு வந்தார். சங்கச் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி மளிகைக் கடைக்காரர். தங்கமான மனிதர் — மைக்கைக் கொடுத்தால் மட்டும் திரும்ப வாங்க முடியாது. வரவேற்புரையே இருபது நிமிடம். பிறகு சால்வைகள். தலைவர் ஒன்று, பொருளாளர் ஒன்று, இளைஞர் அணி ஒன்று, தாணேயிலிருந்து வந்த விருந்தினர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் போட்டோ. தமிழே தெரியாத வேட்பாளர் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். அவர் பேசி முடித்தபோது மணி எட்டு. உதவியாளர் வந்து காதில் ஏதோ சொன்னார். அடுத்த மீட்டிங்குக்கு லேட்டாம். எழுந்துவிட்டார்.

நான் மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து செய்யப்படுகிறது."

சொன்னபோதே வெட்கமாக இருந்தது. முதல் வரிசையைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தால்... பேச்சியம்மாள் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, நானும் ஒரு சால்வ போத்துதேன்."

மேஜையில் ஒன்று மிச்சமிருந்தது. மகளிர் சார்பில் யாருமே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த செல்லத்துரை அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக எடுத்துக் கொடுத்தார். வேட்பாளர் நின்றார். வழக்கம்போலக் குனிந்தார். கேமரா தயார்.

பேச்சியம்மாள் போர்த்தினார். ஆனால் கையை எடுக்கவில்லை. சால்வையின் இரண்டு முனைகளையும் வேட்பாளரின் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சாப், ஹமாரா டாய்லெட் கா சாவி கிஸ்கே பாஸ் ஹை?"

சாவி யார்கிட்ட இருக்கு? பட்டறை இந்தியில் ஒரே ஒரு கேள்வி.

வேட்பாளர் சிரித்தபடி, "தேக்தா ஹூம்" என்றார். பார்க்கிறேன் என்று எந்த மொழியில் சொன்னால் என்ன, எல்லாம் ஒன்றுதானே!

"அபி தேக்கோ." இப்பவே பாருங்க. முனைகள் இன்னும் கையில்.

வேறு வழியில்லாமல் வேட்பாளர் உதவியாளர் பக்கம் திரும்பினார். உதவியாளர் மெதுவாகத்தான் சொன்னார் — சாவி நம்ம ஆபீஸில்தான் இருக்கு, எலெக்ஷன் முடிந்ததும் உங்கள் கையால் ரிப்பன் வெட்டித் திறக்கலாம் என்று வைத்திருக்கிறோம். ஹால் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற நான் மைக்கை அணைத்திருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு ரிப்பனுக்காகவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையில் என் நிகழ்ச்சி நிரல். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? மரியாதைகளையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டு, அந்த அம்மாவின் கேள்வியைக் கடைசியில் தள்ளி, அதையும் ரத்து செய்தவன்தானே. வாயை மூடிக்கொண்டேன்.

வேட்பாளர் கெட்டிக்காரர். "அபி கோலோ" — இப்பவே திற — என்று அங்கேயே உத்தரவு போட்டார். பத்து நிமிடத்தில் பைக்கில் சாவி வந்தது. ஹாலில் இருந்த பெண்கள் மொத்தப் பேரும் பேச்சியம்மாளோடு எழுந்து போய்விட்டார்கள். வேட்பாளர் ஐந்து சால்வைகளோடு அடுத்த மீட்டிங்குக்குப் போனார். மேயர் ஆவாரா? எனக்குத் தெரியாது. ஓட்டுக் கேட்க வரும்போதுதான் இவர்கள் நம் முன்னால் நிற்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் நாமே சால்வை போட்டு மூடிவிடுகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

காலி நாற்காலிகளைப் பார்த்து செல்லத்துரை அண்ணாச்சி நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், அந்தத் தண்ணி பாட்டில் இருக்கா?"

கொடுத்தேன். ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.