அரதீப்

அபுதாபியில் ஒரு பூங்கா வேலைக்காக மரங்களைப் பற்றிய குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு மரத்துக்கும் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவேன். பக்கத்து மேசையில் இருந்த சூடான் நாட்டுப் பெண்மணி, என்னைவிட மூத்தவர், அதை அரபியில் எழுதுவார்.

புளியமரத்தின் முறை வந்தபோது எதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பாளம் பாளமாக வெடித்த கரும்பட்டை. காம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். சிவப்பு நரம்போடிய இளமஞ்சள் பூ. பழுத்ததும் விரல்பட்டாலே நொறுங்கும் ஓடு. பூர்வீகம் இந்தியா என்று முடித்திருந்தேன்.

அவர் வாசித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நாங்கள் பேசிக்கொள்வது அரபி கலந்த ஆங்கிலம்.

"இந்தியா மாஃபி, கிடையாது. இது எங்க மரம்."

"அறிவியல் பேர்லயே இண்டிகான்னு இருக்கே?"

"அரபு வியாபாரிங்க பழத்தை உங்க ஊர்ல இருந்து கொண்டு வந்தாங்க, 'தமர் ஹிந்தி'ன்னாங்க. இந்தியப் பேரீச்சைன்னு அர்த்தம். அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. எங்க காட்டுல அதை யாரும் நடுறதில்ல. கரையான் புத்து மேல தானா வளந்து நிக்கும். நாங்க அரதீப்னு சொல்வோம்."

புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். ஆப்பிரிக்காவின் வறண்ட காடுகளில் பிறந்து, எப்போதோ கடல் கடந்து நம்மிடம் வந்த மரம். குறிப்பைத் திருத்தினேன். மதுரையில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எவ சொன்னா? நம்ம ரோட்டோரம் பூரா அதுதானடி நிக்குது" என்றாள்.

அந்த ரமலானில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கணவருக்கு அப்போது குவைத்தில் வேலை. ஃபிளாட்டில் நான் மட்டும்தான். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. லீவு சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தேன். ஆபீஸ் முடிந்ததும் அந்தச் சூடான் பெண்மணி நேராக வந்துவிட்டார். பையிலிருந்து புளி உருண்டையை எடுத்து ஊறவைத்தார். பிசைந்து வடிகட்டிச் சர்க்கரை கலந்து டம்ளரை நீட்டினார்.

"நீங்க நோம்பு. உங்க முன்னால எப்படிக் குடிக்கிறது?"

"நோம்பு எனக்கு. உனக்குக் காய்ச்சல். யல்லா, குடி."

வெயிலில் வந்த களைப்பில் அவர் உதடு காய்ந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புகட்டினார். இரண்டு நாளில் முதல் தடவையாக எதுவோ வயிற்றில் தங்கியது. வீட்டுக்கு ஃபோன் செய்து, பிள்ளைகளோடு நோன்பு திறக்கும்படி தன் கணவரிடம் சொன்னார். பாங்கு சொன்னதும் மிச்சமிருந்த புளிக்கரைசலை என் சமையலறையில் நின்றபடியே குடித்தார். காய்ச்சல் விடும்வரை தினமும் வந்தார்.

தேறியபின் ஒரு மாலை, ஃபிளாஸ்க்கில் ரசம் ஊற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு வாய் குடித்ததும் மிளகுக் காரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அரதீப்புல சர்க்கரை போடாம யாராவது குடிப்பாங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கப் கேட்டார்.

இப்போது அவர் வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் எனக்குத்தான் ஃபோன் வருகிறது. எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ரசம் வைக்கப் போய்விடுகிறேன். ஆளில்லாத வீட்டில் எனக்கு ஆளாக வந்தவர் அவர்.