பதினான்காம் இலக்கக் கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டின் ஐப்பசி மழைக்காலம். போர்க்காலச் சோதனையில் கொழும்பு வெள்ளவத்தை விடுதியொன்றிலிருந்து பொலிஸார் பிடித்துவந்த தமிழர்கள், பொலிஸ் நிலையத்து வாங்கில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான தம் மருமகனுக்குப் பொறுப்புச் சொல்லப் போயிருந்த தையல்நாயகி ரீச்சர், வாங்கின் கடைசியில் மாக் காய்ந்த கைகளோடு இருந்த ஒரு பெண்ணைக் கண்டார். அவள் அந்த விடுதியில் இடியப்பம் பிழியும் ஆறாயி.

"உம்மட்ட ஐசி இல்லையோ?" என்று அடையாள அட்டையைக் குறித்து ரீச்சர் கேட்டார்.

"பொறந்த சர்டிபிகேட்டே இல்லீங்க டீச்சரம்மா. அது இல்லாம ஐசி எப்படிக் கெடைக்கும்?"

"எங்கை பிறந்தனீர்?"

"அட்டனுக்கு மேல, மேமலைத் தோட்டம். அதுக்கு அத்தாட்சி கேக்குறாங்க. தோட்டத்து ஆபிஸ் எரிஞ்சப்போ புக்கெல்லாம் போயிருச்சி. பொறப்புப் பதியுற கந்தோர்ல கேட்டா நான் இன்னும் பொறக்கவே இல்லேங்கிற மாதிரிப் பேசுறாங்க."

மருமகனுக்காக இட்ட கையெழுத்தோடு ரீச்சர் அவளுக்காகவும் ஒன்றை இட்டார். மறுநாள் வாழையிலையில் சுற்றிய இடியப்பத்தோடு ஆறாயி அவர் வீட்டு வாசலில் நின்றாள். பம்பலப்பிட்டிப் பாடசாலையொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர் ரீச்சர். தனியாக வாழ்ந்தவர். அன்று முதல் அவருக்குக் காலைச் சாப்பாட்டுக் கவலை இருக்கவில்லை.

ஆறாயியின் கணவர் கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்கி, அங்கேயே காலமானவர். அவள் அந்த ஒற்றையறையிலேயே இருந்துகொண்டு, நாள்தோறும் விடிய முன்னரே பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தாள். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். கிராம சேவகர் கொடுத்த கடிதம் மடிப்பில் கிழியும்வரை பயன்பட்டது, கிழிந்தபின் இன்னொன்று. கடிதத்தை ஏற்காத நாள்களில் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தாள். அந்த நாள்களில் விடுதியில் எல்லாரும் இடியப்பம் இல்லாமல் கடைப்பாண் சாப்பிட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெரிய படமொன்று வந்தது. கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றில், பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே, கூரையில்லாத சிற்பக் காட்சியகம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். ரீச்சர் செய்தியை உரக்க வாசித்தார். தோட்டத்தின் பெயர் வந்த இடத்தில், இடியப்ப இலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஆறாயியின் கை நின்றது.

"அது எங்க மேமலை. அங்கதான் எங்க கவ்வாத்துச் சாமி இருக்கு. தேயிலை வெட்டத் தொடங்குற அன்னைக்கு ஆம்பிளைங்க கத்திய அதுக்கு முன்னால வெச்சுக் கும்பிடுவாங்க. மூணு புள்ள தவறி நான் தங்குனேன்னு, எங்கப்பா அந்தக் கல்லுல என் பேரையும் பொறந்த மாசத்தையும் கொத்தி வெச்சாரு."

"கல்லிலையோ? இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"கல்லக் கந்தோருக்குத் தூக்கிட்டு வர முடியுங்களா?"

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, கடன் வாங்கிய கமெராவோடு ரீச்சர் அவளை அதிகாலை ரயிலில் அழைத்துச் சென்றார். அட்டனில் இறங்கி, ஒரு பஸ்ஸும் ஒரு ஓட்டோவும் ஏறி அவர்கள் மலையை அடைந்தபோது நண்பகல் ஆகியிருந்தது. ஓடைக்கு மேல் இரும்புப் பறவையொன்று இறகை விரித்திருந்தது. சரிவில் கருங்கற்பெண் ஒருத்தி, மழைநீர் வழிய ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூடுபனி விலகும்போது சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூடும்போது பாறை எது, சிற்பம் எது என்று பிரித்தறிய இயலவில்லை.

தலையில்லாத உருவமொன்றின் முன் ஆறாயி நின்றாள். "தலைய எங்க விட்டுட்டாங்க?"

"அது சிற்பியின்ரை எண்ணம்."

"எண்ணம் இருக்கட்டும் டீச்சரம்மா. தலை?"

ரீச்சர் அடுத்த சிற்பத்துக்கு நடந்தார். பதினான்காம் இலக்கத்தில், சீமெந்துப் பீடத்தில் நட்டிருந்த முரட்டுக் கல்லொன்று நின்றது. 'பெயரிடப்படாதது' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்திருந்தார்கள். அதிலிருந்த கோடுகளைப் பார்த்து, "இது வெறும் அலங்காரம்" என்று கூறிவிட்டு ரீச்சர் கடந்து போனார். ஆறாயி பின்தொடரவில்லை. கல்லின் விளிம்பிலிருந்த இரண்டு பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இது கத்தி தீட்டுன எடம். மேல இருக்கவேண்டியது கீழ கெடக்கு. சாமியத் தலைகீழா நட்டுட்டாங்க."

ரீச்சர் திரும்பி வந்தார். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தம் கால்களுக்கு இடையே பார்த்தார். அறுபத்தாறு வயதில் செய்யக்கூடிய காரியமன்று. ஆயினும் கோடுகள் எழுத்துகளாயின: 'மகள் ஆறாயி பிறந்தது 1951 தை.' அதற்கு முந்திய வரி சீமெந்துக்குள் இருந்தது. தந்தையின் பெயர் அந்த வரியில்தான் இருக்கவேண்டும். அது இல்லாமல் கந்தோரில் எதுவும் நடவாது.

"அம்மே, அல்லன்ட எபா" என்று, தொடவேண்டாமெனக் கையசைத்தபடி காவலாளி ஹெக்டர் ஓடி வந்தார். ரீச்சர் சிங்களத்தில் விளக்கினார். ஹெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நட்டது நான்தான். அகலமான பக்கம் கீழே இருந்தால் விழாது என்று அப்படி வைத்தேன். எழுத்தென்று யாருக்குத் தெரியும்? ஆனால், ஐயா சொல்லாமல் உடைக்க மாட்டேன்."

"அவரு மேல தப்பில்லீங்க" என்றாள் ஆறாயி. "படிச்ச நீங்களே தாண்டித்தானே போனீங்க."

காட்சியகத்தின் உரிமையாளரான அந்த ஐயா கொழும்பில் இருந்தார். ரீச்சர் அவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினார். நான்காம் மாதத்தில் ஒரு தபாலுறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, புகைப்படம் மட்டும் இருந்தது: சீமெந்து ஒட்டிய கல் நேராக நின்றது, அருகே ஹெக்டர் நிமிர்ந்து நின்றார். 'பழனிமுத்து உபயம்' என்ற வரி தெளிவாகத் தெரிந்தது.

கந்தோரில் அலுவலர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லைச் சாட்சிக்குக் கொண்டுவந்த ஆளை அன்றுதான் காண்பதாகச் சொன்னார். சமாதான நீதவானின் சத்தியக் கடதாசியும் வேண்டுமென்றார், கொடுத்தார்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு ஓராண்டும், அடையாள அட்டைக்கு மேலும் எட்டு மாதங்களும் சென்றன. அட்டை வந்தபோது ஆறாயிக்கு ஐம்பது வயது. இடியப்ப ஆவி படாமலிருக்க அதை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டாள். சாவடிகளில் கேட்குமுன்னரே நீட்டினாள். "கேக்கலியே, ஏன் காட்டுறீங்க?" என்று ஒரு சிப்பாய் கேட்டதை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாள். மேமலைக்குப் போய்வர வேண்டுமென்று ஒவ்வொரு தை மாதமும் சொல்வாள். விடுதிக்கு யார் இடியப்பம் பிழிவது என்று அவளே அதைத் தள்ளியும் வைப்பாள்.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டில், களுபோவில ஆஸ்பத்திரியின் கட்டிலிலிருந்து, தலையணைக்கடியில் கிடந்த அட்டையை எடுத்து ரீச்சரிடம் கொடுத்தாள்.

"மேமலைக்கு ஒருக்கா எடுத்துட்டுப் போங்க டீச்சரம்மா. சாமிகிட்ட காட்டுங்க."

"காட்டி?"

"காட்டுனாப் போதும். அவரு சொன்ன சாட்சி எடுபட்டிச்சின்னு அவருக்குத் தெரிய வேணாமா? நேராப் புடிச்சுக் காட்டுங்க."