நானூறு குதிரையும் ஒரு நெத்தலியும்

“…இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறன் மருமகன். நானூறு குதிரையை ஒரு நெத்தலி மறிச்சுப் போட்டுதெண்டா, அந்த நெத்தலியையே எஞ்சினாப் பூட்டியிருக்கலாமே. குதிரை என்னத்துக்கு?”

உப்பளத்துக்குப் போகும் நேர் றோட்டில், பொனட் திறந்து கிடந்த காருக்குப் பக்கத்தில் நின்று என் வாப்பா இதைக் கேட்டார். சுற்றி நின்ற இளந்தாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆலங்குடாவிலிருந்து பள்ளிவாசல்துறை வரைக்கும் இன்றைக்கும் யாராவது கார்க் கதை தொடங்கினால் அது இந்த நெத்தலியில் வந்துதான் முடியும். தேத்தண்ணிக் கடையில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல நெத்தலி வளர்ந்து கீரி மீனாகி, போன பெருநாளைக்கு நான் கேட்டபோது அது பாரை மீன் அளவுக்கு வந்திருந்தது. ஆனால் எல்லாரும் சிரிப்போடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வாப்பா செய்ததை யாரும் சொல்வதில்லை. அந்தப் பேச்சில் நெத்தலி பெரிதல்ல, ‘மருமகன்’ என்ற சொல்தான் பெரிது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லை வாப்பாவின் வாயால் கேட்டு எங்கள் வீட்டில் இரண்டு நோன்பு மாதம் கழிந்திருந்தது.

வாப்பா ஆயுளில் பாதியை மீன் லொறியில் கழித்தவர். கல்பிட்டியில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, திரும்பி வந்து குளித்துவிட்டு மறுபடியும் ஏற்றுவார். ஐஸ் உருகிய தண்ணீர் அவர் உடுத்த சாரத்தில் மட்டுமில்லை, தோலிலும் ஊறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை அத்தர் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனாலும், பக்கத்தில் தொழ நிற்பவருக்கு அன்றைக்கு ஏற்றிய மீன் என்னவென்று தெரிந்துவிடும். லொறியை விட்டு இறங்கிய கையோடு அவர் ஒரு பழைய வெள்ளை ஜப்பான் கார் வாங்கினார். “மீன் வாடை படாத ஒரு சாமான் எனக்கும் வேணும்” என்பதுதான் காரணம். அந்தக் காரில் செருப்போடு ஏற யாருக்கும் அனுமதியில்லை. அவரே வெறுங்காலோடுதான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றி ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, சீற்றுக்கு அடியில் வைப்பார். “கார் வீடு மாதிரி. செருப்போட ஏறுறவன் நாளைக்கு உன்ட வீட்டுக்குள்ளயும் செருப்போட வருவான்” என்பார். மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போனதும் அந்தக் கார்தான். கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை, புதுச் சப்பாத்தைக் குழந்தைப் பிள்ளை போல மடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கினார். எங்கள் வீட்டு அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். மச்சானும் வந்தார். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் அவருடையது. முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினும், குளத்துக்குக் காற்றடிக்கிற எஞ்சினும் திருத்துவது வேலை. பேச்சு குறைவு. ஆனால் எஞ்சின் என்று யாராவது வாய் திறந்துவிட்டால் பிறகு மூட ஏலாது. “காத்துத்தான் மச்சி எல்லாம்” என்பார் மச்சினிச்சியான என்னிடம். “காத்துக் குறைஞ்சா இறால் மிதக்கும். காத்துக் குறைஞ்சா எஞ்சினும் மிதக்கும்.” வாப்பாவுக்கு அவரை உயிர். மாலையானால் இரண்டு பேரும் பொனட்டைத் திறந்துவைத்து, நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நோயாளியும்தான். கார் அப்போதே புகைத் தொழிலில் இறங்கிவிட்டது. “மாமா, எஞ்சின் முடிஞ்சுது” என்று மச்சான் சொன்னால், “எனக்கும்தான் முடிஞ்சுது, என்னையும் கழட்டப் போறீங்களா?” என்று வாப்பா கேட்பார்.

வாப்பா மக்காவுக்கு உம்ரா செய்யப் போனார். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் அவர் மட்டும். அந்த இடைவெளியில்தான் மச்சானுக்கு அன்பு முற்றிவிட்டது. மாமா திரும்பி வரும்போது காருக்குள் புது உயிர் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பழைய எஞ்சினை இறக்கினார். ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய வேறொரு காரின் எஞ்சின் கொழும்பிலிருந்து வர வேண்டியது, டேர்போவோடு. அது வரவில்லை. வாப்பா வந்துவிட்டார். தலையை மழித்து, தொப்பி போட்டு, கையில் ஸம்ஸம் தண்ணீர்க் கேனோடு வீட்டு வளவுக்குள் கால் வைத்தவர் கண்டது, முருங்கை மரத்தின் கீழே சாக்கில் படுத்திருந்த தன் எஞ்சினை. அதன் மேல் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. வாப்பா நேராகக் காருக்குப் போய்க் கதவைத் திறந்து, முன் தட்டிலிருந்த தன் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். செருப்போடு ஏறி, செருப்போடு இறங்கினார். உம்மா அதைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்குப் போனவர் குரலில், “முடிஞ்சுது. அவருக்கு அந்தக் கார் மௌத்தாப் போச்சு” என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் ஸம்ஸம் ஊற்றினார் வாப்பா. மச்சானுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். ஆனால் அதை என் கையில் தந்து, “அவருக்குக் குடு” என்றார். என் தூது வேலை அந்தக் கோப்பையோடு தொடங்கியது.

ஒரு முஸ்லிம் இன்னொருவரோடு மூன்று நாளைக்கு மேல் முகம் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்று எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உம்ரா செய்துவிட்டு வந்த மனிதர் அதை எப்படி மீறுவது? வாப்பா வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு மூன்றாம் நாள் மாலையிலும் வளவுக்கு வந்து, முருங்கை மரத்தைப் பார்த்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று உரக்கச் சொல்வார். காருக்கு அடியிலிருந்து, “வஅலைக்குமுஸ்ஸலாம் மாமா” என்று பதில் வரும். வாப்பா திரும்பிப் போய்விடுவார். பாவம் தீர்ந்தது, கோபம் தீரவில்லை. “சலாம் சொல்லுறது மார்க்கம். கதைக்கிறது என்ட விருப்பம்” என்றார். வந்துபோகிறவர்கள், பாவம் இந்த மனிதர் மரத்துக்கும் சலாம் சொல்கிறார், மக்கா போய் வந்த பரக்கத் என்று நினைத்தார்கள்.

மிச்சப் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போனது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கார் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தூது போனதில் படித்தது. “மாமாட்ட சொல்லுங்க மச்சி, புகைக்குழாயால வீணாப் போற வேகத்தில ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கிறன். அந்தச் சக்கரம் வெளிக்காத்தைப் பிடிச்சு எஞ்சினுக்குள்ள திணிக்கும். அதுதான் டேர்போ.” போய்ச் சொல்வேன். “நல்லது. வீணாப் போற காத்து அவர்ட வாயாலயும் வருது, அதுக்கும் ஒரு சக்கரம் பூட்டச் சொல்லு.” வந்து சொல்வேன். சில வேளை பாதி வழியில் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், தூதுக்காரிக்கு அந்த உரிமை உண்டு. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உம்மாவுக்கு டேர்போ எங்கள் எல்லாருக்கும் முன்பே விளங்கிவிட்டது. “புதுமாப்பிள்ளைக்குச் சோறு திணிக்கிற மாதிரித்தானே? வயிறு தாங்கினாச் சரி. தாங்காட்டி ஒண்ணு சத்தியெடுக்கும், இல்லாட்டி வெடிக்கும்.” கொழும்பு எஞ்சின் வந்துசேர்ந்த பிறகு மச்சான் பிஸ்டனையும் கிளட்ச்சையும் பலமானதாக மாற்றியதும், பெற்றோல் பம்மைப் பெரிதாக்கியதும், லெப்டொப்பைக் காரின் காதில் செருகிவைத்து அளவு பார்த்ததும், உம்மா சொன்ன அந்த வயிற்றைப் பலப்படுத்தத்தான். ஓட்டுகிற சீற்றையும் மாற்றினார். இடது பக்கச் சீற்றை மட்டும் தொடவில்லை. வாப்பா போட்ட பழைய உறையோடு அது அப்படியே இருந்தது. “முதல்ல மாமா இருக்கட்டும்” என்று அதில் ராத்தாவைக்கூட ஏற்றவில்லை.

ராத்தாதான் மெலிந்துபோனாள். “நடுவில நான் ஒரு போல்ட். ரெண்டு பக்கமும் ஸ்பேனர் போட்டு முறுக்குறாங்க” என்றாள். இரண்டாவது நோன்பும் முடிந்து, பெருநாள் கட்டிப்பிடித்தலையும் வாப்பா அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கும் அவசரத்தில் முடித்துக்கொண்டபோது, மச்சான் அவளிடம் சொல்லிவிட்டார்: “கார் ஓடுற அண்டைக்கு மாமா ஏறினா இங்கயே இருப்பம். ஏறாட்டிப் புத்தளத்தில ஒரு வீடு பாப்பம். ஒரு மனிசன்ட வீட்டில அவர் முகம் பாக்காத சோத்தை எத்தினை நாளைக்குத் திண்ணுற?” ராத்தா அதை என்னிடம் சொல்லி அழுதாள். அந்தத் தூதை மட்டும் நான் வாப்பாவிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால், “போறதெண்டாப் போகச் சொல்லு” என்று ஒரு சொல் வந்துவிடும். வாப்பாவின் சொல் வந்தால் வந்ததுதான், திரும்பிப் போகத் தெரியாது.

கொழும்பில் காரை உருளைகளுக்கு மேல் ஏற்றி அளக்கிற இடத்தில் நானூறு குதிரை வலு காட்டியது. ஆனால் எங்கள் வெயிலில் பாதிக் குதிரை படுத்துக்கொண்டது. திணிக்கிற காற்று சூடாகிறது, சூடானால் எஞ்சினைக் காப்பாற்ற அதன் கொம்பியூட்டரே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. மச்சான் யோசித்தார். ஐஸ் தண்ணீரைக் குழாயில் சுற்றவிட்டு அந்தக் காற்றைக் குளிரவைக்கலாம். வேறு ஊர்க்காரனுக்கு ஐஸ் என்றால் குளிர்பெட்டி ஞாபகம் வரும். எங்களுக்கு மீனை ஐஸ் போட்டு வைக்கிற வாடிதான் ஞாபகம் வரும். மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் காரின் பின்பக்கம் பூட்டி, தண்ணீரைச் சுற்றவிடச் சின்னப் பம் ஒன்று வைத்து, வாடியில் கேட்டு ஒரு சாக்கு ஐஸ் வாங்கிவந்து கொட்டினார். நானும்தான் சாக்குக்கு ஒரு முனை பிடித்தேன். கழுவ வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, ஐஸை யார் கழுவுகிறார்கள்? காரைத் தெருவுக்கு எடுத்தபோது மதிலில் இருந்த பூனைகள் வரிசையாக எழுந்து நின்றன. காகங்கள் காருக்கு மேலேயே பறந்து வந்தன. மீன் வாடை படாத ஒரு சாமான் வேண்டும் என்று வாப்பா வாங்கிய கார் அது.

அன்றைக்கு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உப்பள றோட்டில் ஊரே நின்றது. கழுதைகளை விரட்டி றோட்டைத் துப்புரவாக்கியிருந்தார்கள். வாப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். பார்த்தால், றோட்டு முடிகிற அந்தலையில் ஒரு உடைமரத்தின் கீழே சைக்கிளைச் சாய்த்துவைத்துக்கொண்டு நிற்கிறார். கையில் வெறும் பை. “என்ன வாப்பா, இங்க?” என்றேன். “மீன் வாங்க வந்த” என்றார். உப்பளத்தில் என்ன மீன்? நான் கேட்கவில்லை. மச்சான் பிஸ்மி சொல்லிக் காரை எடுத்தார். அல்லாஹ்வே, அந்தச் சத்தம்! பாத்திகளில் நின்ற கொக்கெல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. உம்மா முக்காட்டால் காதைப் பொத்தினார். வெள்ளைக் கோடு மாதிரிப் போன கார் பாதி றோட்டில் ஒரு விக்கல் எடுத்தது. இன்னொரு விக்கல். பிறகு கிழவன் மூச்சு வாங்குகிற மாதிரி இளைத்து இளைத்து நின்றுவிட்டது. நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நானூறு குதிரையும் உள்ளே ஏறிக்கொண்டு மனிதரைத் தள்ளவிட்ட மாதிரி இருந்தது. மச்சான் பொனட்டைத் திறந்தார், குழாயைக் கழற்றினார், கடைசியில் பின்னால் போய் ஐஸ் தண்ணீர்ப் பம்மின் வாயில் இரண்டு விரலை விட்டார். ஒரு நெத்தலி வந்தது. விறைத்து, மினுமினுவென்று, கண்ணைத் திறந்தபடி.

யாரும் சிரிக்கவில்லை. ராத்தா என் கையை நகம் பதியப் பிடித்தாள். எனக்குப் புத்தளத்து வாடகை வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. மச்சான் அந்த மீனைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். வாப்பா சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. நான் பழக்க தோஷத்தில் தூது வாங்க ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு நேரே மச்சானுக்கு முன்னால் போய் நின்று, நெத்தலியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறன் மருமகன்…”

சிரிப்பு வெடித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெத்தலியைக் கேட்கவில்லை, குதிரையைக் கேட்கவில்லை, அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டார். “மாமா” என்றார். வாப்பா அவர் கையிலிருந்த மீனை வாங்கி மேலே எறிந்தார். ஒரு காகம் அதைக் காற்றிலேயே பிடித்தது. “பம்மைப் பூட்டுங்க” என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றி இடது பக்கம் போய்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். சீற்றின் பழைய உறையைக் கையால் ஒரு தரம் தடவினார். பிறகு சாரத்தை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது செருப்பைக் கழற்றினார், இடது செருப்பைக் கழற்றினார், இரண்டையும் தாரில் சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார்.