ரங்கூன் சேதி வந்த பேப்பர்க் கட்டு

பழைய பேப்பர் வியாபாரத்தில் நேற்றைய சேதிக்கும் நாற்பது வருஷத்துக்கு முந்தின சேதிக்கும் ஒரே தராசுதான். என்னை மாதிரியே பழைய பேப்பர்க் கடை வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வல்லத்துப் பரண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றோ நாலோ. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லத்தில், ஒரு ஜைன நயினார் வீட்டில் பரணைக் காலி பண்ணுகிறார்கள் என்று சைக்கிளில் போனேன். ரெண்டாம் உலக யுத்த காலத்துப் பேப்பரையெல்லாம் அவர் அப்பா தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தார். குண்டு விழும் என்று பயந்து மெட்ராஸ்காரர்கள் மூட்டை முடிச்சோடு நம்ம திண்டிவனத்தில் வந்து இறங்கியதுகூட அதில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதை எடைக்குப் போடத்தான் வேணுங்களா?" என்றேன். நயினார் ஏணியை விட்டு இறங்காமலே சொன்னார்: "படிச்சவரு போயிட்டாரு. கரையான் படிக்கிறதுக்குள்ள எடுத்துக்கினு போய்யா."

உடைந்த பொட்டலம்

பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற ஏழுமலை பொட்டலம் மடிக்கக் கொஞ்சம் தாள் வாங்கிப் போனான். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தான். பழுத்த தாள், மடித்தால் அப்பளம் மாதிரி உடைகிறதாம். "மல்லாட்டை கீழ கொட்டுது. கொட்டாத பொட்டலத்தை நின்னு படிச்சிக்கினு ஜனங்க பஸ்ஸை வுடுது. பேஜாருண்ணே."

கோட்டக்குப்பத்து அம்மா

அன்று மத்தியானம் அவன் போட்ட பொட்டலம் ஒன்றை நீவிப் பிடித்தபடி ஓர் அம்மா கடைக்கு வந்தார். ஊர் கோட்டக்குப்பம். படிக்கத் தெரியாது. அதில் ரங்கூன் என்று இருப்பதாகப் பக்கத்தில் நின்ற யாரோ சொன்னார்களாம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போனவர். சண்டை வந்தபின் தகவலே இல்லை. அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு குடும்பத்தைக் கைவிட்டார் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். "எங்கம்மா அதைக் கேட்டுக்கினேதான் செத்தாங்க. நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும்ணே. இதுல அவரு பேரு இல்லைன்னா வேற தாள்ல பாருங்க."

ஊர்ப் பெயர்

மூன்று நாள் பார்த்தோம். அவர் தாளை உடையாமல் பிரிப்பார், நான் படிப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம், சண்டைக்குப் பயந்து பர்மாவிலிருந்து ஊருக்கு நடந்தே திரும்பி வரும் வழியில் அசாம் முகாமில் இறந்தவர்கள் பட்டியல் வந்தது. அத்தா பெயரும், பக்கத்தில் கோட்டக்குப்பம் என்றும் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். "படிங்க" என்றார். படித்தேன். அழவில்லை. முகாம் எந்தப் பக்கம் என்று கேட்டார். "ரங்கூனைத் தாண்டி இந்தப் பக்கம், நம்ம நாட்டுக்குள்ளம்மா" என்றேன். தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அப்ப வந்துக்கினுதான் இருந்திருக்காரு."

அந்த ஒரு தாளை அவரிடம் கொடுத்தேன். மிச்சத்தைக் கூழாக்க மில்லுக்கு அனுப்ப மனசு வரவில்லை; முடிந்துபோன சண்டை இன்னமும் என் கடையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.