மரக்காணம் உப்பளத்தில் அஞ்சலையைப் பார்த்தது

2006 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, உப்பளங்களைப் படம் எடுக்கத்தான் மரக்காணம் போனேன். கோயம்பேட்டில் காலை 5.15க்குப் பாண்டி பஸ், கிழக்குக் கடற்கரைச் சாலை வழி. டிக்கெட் 37 ரூபாய். 8.20க்கு இறங்கி, டீ குடித்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. பாத்திகளுக்கு நடுவே ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அஞ்சலை. இருபத்தைந்து வயது இருக்கும். ஏழு மாத வயிறு. பக்கத்தில் அவருடைய நாத்தனார் தனம். கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். பேச்சுவாக்கில் பிரசவம் எங்கே என்றேன்.

"வூட்லதான்க்கா."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்ப்பதுதான் பாதுகாப்பு என்று பத்து நிமிடம் பேசினேன். இவர்களுக்கு விவரம் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை வாரும் பலகையில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் தெரியும்க்கா. நர்சம்மா ஊருக்கு வந்து சொல்லிட்டுத்தான் போறாங்க. ஊசி போட்டுக்கினேன், மாத்திரையும் துன்றேன். மொதப் பொண்ணு ஆஸ்பத்திரிலதான் பொறந்துச்சு. வலி எடுத்து நிக்கிறேன், அங்க டூட்டில இருந்த நர்சம்மா என் காலப் பாத்துட்டு, 'கழுவிட்டு வந்து கட்டில்ல ஏறு'ன்னாங்க. கொழாயாண்ட குந்திக்கினு தேய்ச்சேன். உப்புத் தண்ணில வெடிச்ச காலு, கழுவுனா போற அழுக்கா அது? அப்புறம் கத்துனதுக்குத் தொடையில ஒரு அடி. எல்லாரும் பாக்கறாங்க. இன்னொரு தபா அங்க போவ மாட்டேன்க்கா."

தனம் உப்பை வாரிக்கொண்டிருந்தார். "எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். பதினோரு மணி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

மே மாதம் படங்களைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். பாத்தியில் தனம் மட்டும் இருந்தார். "வூட்ல கீது. போயிப் பாருங்க" என்று வழி காட்டினார். அரை கிலோமீட்டர். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் அஞ்சலை. வீட்டுக்குள் தூளி கட்டியிருக்கவில்லை.

"புள்ள குறுக்கால கெடந்திருக்குதுக்கா. காலைல எட்டு மணிக்கு வலி. பத்து மணிக்கு கை மட்டும் வெளிய வந்துடுச்சு. தனம் ரோட்டுக்கு ஓடி உப்பு லாரிய நிறுத்திச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவ பன்னெண்டு ஆயிடுச்சு. வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. ஆம்பளப் புள்ள. மூச்சு இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"இந்தத் தபா யாரும் திட்டலக்கா. ஒரு நர்சம்மா, சின்னப் பொண்ணு, தலையத் தடவிக்கினே இருந்துச்சு. 'அழுவணும்னா அழுவுங்கக்கா'ன்னுச்சு. மொதத் தபாவே யாராச்சும் அப்படிப் பேசியிருந்தா நான் போயிருப்பேன்."

படத்தைக் கொடுத்தேன். பெரிய வயிற்றோடு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையில் போட்டு என்னிடமே நீட்டினார்.

"இத நீங்களே வெச்சிக்கங்கக்கா."

போக விரும்புகிறவர்களுக்கு: ஜனவரி கடைசியில் வேலை தொடங்குகிறது, மழைக்காலத்தில் ஒன்றும் இருக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வரப்பு வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்களில் மதியத்துக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

என் விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பிப்ரவரியில் அவரிடம் அவருக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை கூட வர ஒரு ஆள். எனக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். 'தேதி சொல்லுங்க, நானும் வரேன்' என்று கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா, தெரியாது. எனக்கு அது தோன்றவே இல்லை.